ஸ்டெபி கிராஃபின் 22 பட்டங்கள்

ஸ்டெபி கிராஃப் 1969 ஜூன் 14 அன்று மேற்கு ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பிறந்தவர். கைப்பிடியை அறுத்துக் குறுக்கிய மட்டையொன்றைக் கொடுத்து, சிறு வயதிலேயே ஆட்டம் பழக்கியவர் தந்தை பீட்டர். 13 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1987 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் நவரத்திலோவாவை வென்று முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்றார். 1988இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களுடன் சியோல் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. சக்கர நாற்காலி டென்னிஸை விடுத்துப் பார்த்தால், ஒரே ஆண்டில் ஒற்றையரில் இந்த ஐந்தையும் வென்றவர் இன்றுவரை வேறொருவர் இல்லை.

1991 முதல் மோனிகா செலஸ் அவரை முந்தினார். 1993 ஏப்ரல் 30 அன்று ஹாம்பர்க்கில் ஆட்ட இடைவேளையில் அமர்ந்திருந்த செலஸின் முதுகில் ஒருவன் கத்தியால் குத்தினான். கிராஃப் மீண்டும் முதலிடம் பெறவேண்டும் என்பதே அவன் நோக்கம். செலஸுக்கு அப்போது 19 வயது; எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் பெற்றிருந்தார். குத்தியவனுக்குக் கிடைத்தது இரண்டாண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை மட்டுமே. செலஸ் அதன்பின் ஜெர்மனியில் ஆடவே இல்லை.

கிராஃபின் பட்டங்களில் பாதி இந்தக் கத்தியால் வந்தவை என்று சிலர் சொல்வதுண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தம் 22. ஹாம்பர்க்கிற்கு முன் 11, பின் 11. பின்னவற்றில் செலஸ் களத்தில் இல்லாத காலத்தில் வென்றவை ஆறு. அந்த ஆறில் இரண்டு விம்பிள்டன். செலஸ் ஒருமுறையும் வெல்லாத புல்தரை அது. 1992 இறுதியில் கிராஃப் அவரை 6-2, 6-1 என வீழ்த்தியிருந்தார். ஆகவே ஐயத்துக்கு இடமுள்ளவை நான்கே. அவற்றிலும் எத்தனையைச் செலஸ் வென்றிருப்பார் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. கிராஃபின் மீது குற்றமில்லை. ஆனால் செலஸ் இழந்த இரண்டேகால் ஆண்டுகள் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

செலஸ் 1995 ஆகஸ்டில் திரும்பி வந்தார். கிராஃபின் தந்தை வரி ஏய்ப்பு வழக்கில் கைதானதும் அதே மாதம்தான். அடுத்த மாதம் அமெரிக்க ஓப்பன் இறுதியில் இருவரும் மோதினர். 7-6, 0-6, 6-3 எனக் கிராஃப் வென்றார். 1996 இறுதியிலும் அவரே.

பின்னர் காயங்கள் அவரை வாட்டின. 1999 பிரெஞ்சு ஓப்பனில் அரையிறுதியில் செலஸையும், இறுதியில் அன்றைய முதல்நிலை ஆட்டக்காரர் மார்ட்டினா ஹிங்கிஸையும் வென்று 22ஆவது பட்டத்தைப் பெற்றார். அந்த ஆகஸ்டில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். அப்போது உலகத் தரவரிசையில் அவர் மூன்றாம் இடத்தில் இருந்தார்.