யோசிப்பதற்கு என்ன விலை?

அமெரிக்காவில் ஒரு வைத்தியரிடம் கையில் வெட்டுக்காயத்தோடு ஒருவர் வருகிறார் எண்டு வைப்போம். வைத்தியர் ஆறு தையல் போடுகிறார். அடுத்ததாக வருவது சலரோகமும் பிரசரும் உள்ள ஒரு வயதுபோன அம்மா. கால் வீங்கியிருக்கு. வைத்தியர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டுகிறார், நாலு கேள்வி கேட்கிறார், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறார். கடைசியில் ஒரு குளிசையை நிறுத்தி வேறொன்றை எழுதுகிறார். அவ்வளவுதான்.

முதல் வேலைக்குக் கணக்குப் போடலாம், தையலை எண்ணினால் சரி. ரெண்டாவது வேலையில் எதை எண்ணுவது? அந்தப் பேசாமல் இருந்த நேரத்துக்கு என்ன விலை? சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அமெரிக்க மருத்துவம் இதோடு அறுபது வருடமாக மல்லுக்கட்டுகிறது.

கதை 1965இல் தொடங்குகிறது. 65 வயது தாண்டியவர்களின் வைத்தியச் செலவை அரசாங்கமே ஏற்கும் மெடிகேர் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையெழுத்திட்டார். அடுத்த வருடம், 1966இல், அமெரிக்க மருத்துவச் சங்கம் வைத்தியர்கள் செய்யும் வேலைகளுக்கு இலக்கம் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டது. அதுதான் சிபிடி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு இலக்கம், அந்த இலக்கத்துக்கு ஒரு காசு என்ற முறை பிறகு இதன் மேல்தான் கட்டப்பட்டது.

காசு எவ்வளவு என்பதை ஆரம்பத்தில் வைத்தியர்களின் வழமையான கட்டணத்தை வைத்தே தீர்மானித்தார்கள். இதில் அடிவாங்கியது யோசிக்கிற வைத்தியம். வெட்டுவது, குழாய் விடுவது, ஸ்கேன் எடுப்பது எல்லாவற்றுக்கும் நல்ல விலை. இருந்து கதைத்து, நோயை யோசித்துப் பிடிப்பதற்குக் குறைந்த விலை.

இதை அளந்து காட்டியவர் ஹார்வர்டின் பொருளியலாளர் வில்லியம் சியாவ். ஒரு வேலையை 100 என்று வைத்தால் மற்ற வேலை எத்தனை என்று வைத்தியர்களிடமே கேட்டு, நேரம், மூளை உழைப்பு, கைத்திறன், மன அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது அவருடைய குழு. 1988இல் முடிவுகள் வந்தன. நோயாளியோடு இருந்து செய்யும் வேலைக்கு, சத்திரசிகிச்சையோடு ஒப்பிடும்போது, குறைவாகவே காசு கொடுக்கப்படுகிறது என்று அவை காட்டின. 1989இல் சட்டம் வந்தது, 1992இல் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது.

அதே 1992இல் நோயாளி வந்து பார்க்கும் சந்திப்புகளுக்கும் புதிய இலக்கங்கள் வந்தன. புதிய நோயாளிக்கு 99201 முதல் 99205 வரை, ஏற்கெனவே வருபவருக்கு 99211 முதல் 99215 வரை. ஐந்து படிகள். படி கூடக் கூடக் காசும் கூடும். எந்தப் படி என்பதைத் தீர்மானிக்க முக்கியமாக மூன்று விஷயங்கள்: நோயாளி சொன்ன வரலாறு, உடல் பரிசோதனை, வைத்தியர் எடுத்த முடிவு எவ்வளவு சிக்கலானது.

முதல் இரண்டையும் எண்ணலாம். மூன்றாவதை எண்ணுவது கஷ்டம். பிறகு நடந்தது முழுக்க இந்த வித்தியாசத்தில் இருந்து வந்ததுதான்.

அரசாங்கம் ஆதாரம் கேட்டது. 1995இலும் 1997இலும் குறிப்பு எழுதுவதற்கான விதிகள் வந்தன. உடலை 14 மண்டலங்களாகப் பிரித்து, அதில் குறைந்தது 10 பற்றியாவது விசாரித்தால்தான் 'முழு விசாரிப்பு'. 1997இன் விதியில் பரிசோதனையையே புள்ளி புள்ளியாக எண்ண வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கோ: பழைய நோயாளி என்றால் மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் போதும். அதாவது, வரலாறும் பரிசோதனையும் நீளமாக இருந்தால், முடிவு எவ்வளவு எளிதாக இருந்தாலும் தாளில் படி ஏறிவிடும். வைத்தியத் தேவை இல்லாமல் படியை ஏற்றக் கூடாது என்று மெடிகேர் சொல்லித்தான் இருந்தது. ஆனால் எண்ணக்கூடியது புள்ளிகள்தானே!

1968இல் லோரன்ஸ் வீட் என்ற வைத்தியர், நோயாளியின் குறிப்பு வைத்தியருக்கு யோசிக்க உதவ வேண்டும், நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் பின்தொடர வேண்டும் என்று எழுதியிருந்தார். முப்பது வருடத்தில் அந்தக் குறிப்பு பில்லுக்கான அத்தாட்சியாக மாறிவிட்டது.

2009இன் சட்டத்துக்குப் பிறகு கணினிப் பதிவுகள் வேகமாகப் பரவின. ஒரு கிளிக்கில் பத்து மண்டலமும் 'சாதாரணம்' என்று விழும். போன மாதக் குறிப்பை அப்படியே கொப்பி பண்ணி ஒட்டலாம். அடுத்து வரும் வைத்தியர் ஆறு பக்கத்துக்குள் அந்த ஒரு முக்கியமான வரியைத் தேட வேண்டும். 2001 முதல் 2010 வரை வைத்தியர்கள் உயர்ந்த படிகளைப் பாவிப்பது கூடியிருக்கிறது என்று 2012இல் சுகாதாரத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகம் அறிக்கை வெளியிட்டது. அதெல்லாம் மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் எதை எண்ணுகிறோமோ அதுதான் பெருகும்.

2018இல் அரசாங்கம் அலுத்துப்போய், 2 முதல் 5 வரையான படிகளுக்கு ஒரே காசு கொடுக்கலாம் என்றது. சிக்கலான நோயாளிகளைப் பார்ப்பவர்கள் நட்டப்படுவார்கள் என்று வைத்தியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் மருத்துவச் சங்கம் கொண்டுவந்த மாற்றுத் திட்டம் ஏற்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரலாறும் பரிசோதனையும் தேவைக்கு ஏற்பச் செய்தால் போதும், அவற்றை எண்ணுவதில்லை. படியைத் தீர்மானிப்பது முடிவின் சிக்கல், அல்லது அன்று செலவழித்த மொத்த நேரம். 99201 நீக்கப்பட்டது.

சிக்கலை எப்படி மதிப்பிடுவது? மூன்று கேள்வி. எத்தனை பிரச்சினை, எவ்வளவு கடுமை? பார்த்து ஆராய்ந்த தகவல் எவ்வளவு? எடுத்த முடிவில் ஆபத்து எவ்வளவு? மூன்றில் இரண்டு எட்டும் படிதான் கணக்கு. கால் வீங்கிய அம்மாவையே பாருங்கோ. நாட்பட்ட இரண்டு வருத்தம், அதில் ஒன்று மோசமாகியிருக்கு: நடுத்தரம். குளிசையை மாற்றியது மருந்தைக் கையாளும் முடிவு: அதுவும் நடுத்தரம். ரெண்டு கிடைத்துவிட்டது, 99214. பத்து மண்டலத்தையும் நிரப்பத் தேவையில்லை.

புதிய விதியில் எனக்குப் பிடித்தவை மூன்று. நெஞ்சு நோ என்று வந்தவருக்குக் கடைசியில் வெறும் வாய்வு என்று தெரிந்தாலும், அந்த முடிவுக்கு வர எடுத்த யோசனை கணக்கில் வரும். கடைசியாகப் போடும் நோயின் பெயர் மட்டும் சிக்கலைத் தீர்மானிக்காது. நோயாளியோடு கதைத்துவிட்டு, ஒரு சிகிச்சை வேண்டாம் என்று விட்டாலும் அந்த யோசனையும் சேரும். மருந்து வாங்கக் காசில்லை, இருக்க வீடில்லை என்பதால் வைத்தியம் தடைப்பட்டால் அதுவும் ஆபத்தின் பகுதி. வறுமை வைத்தியத்தைச் சிக்கலாக்கும் என்பதை ஒரு பில் விதி எழுத்தில் ஒப்புக்கொள்கிறது.

ஆனாலும் இது ஒரு அட்டவணைதான். இந்தக் குறிப்புகளை வாசித்துப் படியைச் சரிபார்ப்பதைச் சென்னையில் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் தொழிலாகச் செய்கிறார்கள். நோயாளியின் முகம் அவர்களுக்குத் தெரியாது. எழுதியதுதான் தெரியும். நல்லாக யோசித்துவிட்டு ஒரு வரி எழுதிய வைத்தியர் அங்கே கீழ்ப் படியில் நிற்பார். குறைய யோசித்து நிறைய எழுதியவரைப் பிடிப்பது முன்னரைவிட இப்போது கொஞ்சம் இலகு, அவ்வளவுதான்.