தட்டாமல் இறங்கிய பிளேடு

ஐ.டி.ஐ.யில் தச்சு படிக்கும் என் அக்கா மகன் சென்ற மாதம் இரண்டு படங்கள் அனுப்பினான். ஒன்று, ஹார்டுவேர் கடையில் அட்டைப் பெட்டிக்குள் இருந்த புது இரும்பு இழைப்புளி. நீலப் பெயின்ட் பளபளத்தது. இன்னொன்று பழைய இரும்புக் கடைத் தரையில் துருவேறிக் கிடந்தது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

"மாமா, எதை வாங்கட்டும்? சட்டுனு சொல்லுங்க. கடைக்காரர் பழசை எடைக்குப் போட்டுருவார்."

சட்டென்று சொல்ல முடியவில்லை. பழசு உயர்ந்தது, புதுசு மட்டம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் கருவியின் ஒவ்வொரு உறுப்பும் எந்தக் குறையைத் தீர்க்க வந்து சேர்ந்தது என்று தெரிந்தால்தான், மலிவாக விற்கும்போது எதைக் கழித்துக்கொண்டு விற்கிறார்கள் என்பது தெரியவரும். அதனால் அன்று இரவு அவனுக்குப் போன் செய்து, இரும்பு இழைப்புளி பிறந்த கதையைச் சொன்னேன்.

நம் ஆசாரிமார் கையிலிருக்கும் மர இழைப்புளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு கட்டை, அதில் குடைந்த வாய், சாய்வாக நிற்கும் பிளேடு, அதை இறுக்கும் ஆப்பு. அவ்வளவுதான். பிளேடை இறக்க அதன் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. ஏற்ற வேண்டுமானால் கட்டையின் பின்பக்கத்தில் ஒரு தட்டு. ஆப்பை இறுக்க இன்னொரு தட்டு. அந்த மூன்றாவது தட்டில் பிளேடு மறுபடி மயிரிழை நகர்ந்திருக்கும். கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு கண்ணை மூடி, அடிப்பாகத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். கை பழகியவர் இதை ஒரு மூச்சில் முடித்துவிடுவார். அந்தக் கைகள் எனக்கு எப்போதும் வியப்புதான். கற்றுக்கொள்கிறவனுக்கோ இது அரை நாள் வேலை. நல்ல மெல்லிய சீவலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்த அளவைச் சுத்தியலால் தட்டிக் கொண்டுவர வேண்டும்.

இந்த ஏற்பாடு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி நகரத்தைத் தோண்டியபோது, இரும்பு அடித்தகடு வைத்த ரோமானிய இழைப்புளிகள் கிடைத்தன. அவற்றிலும் பிளேடை நிறுத்தியது ஆப்புதான். அதற்குப் பிறகு பதினெட்டாம் நூற்றாண்டு வரைக்கும் சொல்லத்தக்க மாற்றம் ஒன்றே ஒன்று. பிளேடின் முதுகில் இன்னொரு தகட்டைச் சேர்த்துத் திருகினார்கள். எழும்பும் சீவலை இந்த மேல்தகடு உடனே மடக்கிவிடும். எதிர் ரேகையிலும் மரம் பிய்ந்து வராது. சின்ன மாற்றம்தான். ஆனால் முறுக்கு ரேகை உள்ள பலகையை இழைத்துப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

உடம்பை மரத்திலிருந்து இரும்புக்கு மாற்றும் முயற்சி அமெரிக்காவில் 1827-லேயே நடந்துவிட்டது. கனெக்டிகட் மாநிலத்து ஹசார்ட் நோல்ஸ் வார்ப்பிரும்பு இழைப்புளிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதிலும் பிளேடு ஆப்பில்தான் நின்றது. உடம்பு இரும்பானதே தவிர, தட்டுவது ஓயவில்லை.

அதை ஓயவைத்தவர் லியோனார்ட் பெய்லி. 1825-ல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். மரச்சாமான் செய்கிறவர்; பிறகு பாஸ்டனில் பட்டறை வைத்துக் கருவி செய்யத் தொடங்கினார். அவர் சிந்தனை முழுவதும் ஒரே இடத்தைச் சுற்றியது: சுத்தியல் இல்லாமல் பிளேடை எப்படி நகர்த்துவது? ஒரு மாதிரியில் இழைப்புளியின் உடம்பையே இரண்டு பகுதியாகச் செய்து பார்த்தார். இன்னொன்றில் உள்ளே செங்குத்தாக ஒரு தண்டை நட்டார். 1858-ல் ஆப்பை ஒழித்தார். ஆப்பு இருந்த இடத்தில், விரலால் மடக்கினால் 'டக்'கென்று அழுத்திப் பிடிக்கும் ஒரு நெம்பு மூடி வந்தது. 1867-ல்தான் விடை முழுதாகக் கிடைத்தது.

அந்த விடையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன். அவ்வளவு அழகானது அது. பிளேடு 45 பாகைச் சரிவில் ஓர் இரும்புக் கட்டை மேல் படுத்திருக்கிறது. ஆங்கிலம் பேசும் தச்சர்கள் அந்தக் கட்டையைத் 'தவளை' என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தவளையின் பின்னால் ஒரு மரைத்தண்டு, அதில் ஒரு பித்தளை நட்டு. நட்டின் இடுப்பில் ஒரு பள்ளம். கவட்டை வடிவில் ஒரு சிறு நெம்புகோலின் இரண்டு கால்களும் அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொள்கின்றன. அதன் மேல்நுனி மேல்தகட்டில் வெட்டிய சிறு சதுரத் துளைக்குள் நிற்கிறது. நட்டைத் திருகினால் கவட்டை அசையும், கவட்டை அசைந்தால் பிளேடு இறங்கும் அல்லது ஏறும். இழைத்துக்கொண்டிருக்கும்போதே, பிடியை விடாமல், ஆள்காட்டி விரலால் திருகலாம். பின்னாளில் அந்த மரையை இடமரையாக வெட்டினார்கள். வலப்பக்கம் திருகினால் ஆழம் கூடும் என்பது கைக்கு இயல்பாக இருப்பதற்காக.

பெய்லி செய்த இன்னொரு காரியத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. மர இழைப்புளியின் பிளேடு தடித்தது. இவர் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள சீரான தகட்டைப் போட்டார். மெல்லிய பிளேடை விரைவில் தீட்டிவிடலாம், எஃகும் குறைவு. ஆனால் மெல்லிய பிளேடு தன் பலத்தில் நிற்காது. கீழே தவளை முழுதாகத் தாங்க வேண்டும். தவளையை உடம்பு அசையாமல் தாங்க வேண்டும். எங்காவது இடைவெளி இருந்தால் பிளேடு அதிரும், பலகையில் வரிவரியாகத் தடம் விழும். பழசா புதுசா என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1869-ல் கனெக்டிகட்டின் நியூ பிரிட்டன் ஊரிலிருந்த ஸ்டான்லி ரூல் அண்ட் லெவல் கம்பெனி பெய்லியின் தொழிலையும் காப்புரிமைகளையும் வாங்கியது. அளவுகோலும் ரசமட்டமும் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிட்ட வரிசை நிலைபெற்றது. 9 அங்குல நீளமும் 2 அங்குல பிளேடும் உள்ள நான்காம் எண் மெருகிழைப்புக்கு. 14 அங்குல ஐந்தாம் எண் பொது வேலைக்கு, நம் ஐ.டி.ஐ.களில் 'ஜாக் பிளேன்' என்கிறோமே, அது. 22 அங்குல ஏழாம் எண் நீண்ட பலகைகளின் விளிம்பை நேராக்க. இன்று யார் செய்தாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான்.

மலிவு மாதிரி என்பதும் அன்றே பிறந்துவிட்டது. முழு இரும்பு வாங்க முடியாதவர்களுக்காக, அடியில் மரக்கட்டையும் மேலே பெய்லியின் இரும்பு அமைப்புமாக ஒரு வரிசையை ஸ்டான்லி விற்றது. 1876-ல் அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டையொட்டி 'லிபர்ட்டி பெல்' என்ற பெயரில் எளிய வரிசை ஒன்றும் வந்தது. அதற்குள் பெய்லிக்கும் கம்பெனிக்கும் பிளவு. கம்பெனியிலிருந்த ஜஸ்டஸ் ட்ராட் என்ற இன்னொரு மேதையின் கண்டுபிடிப்புகள் பெய்லியின் உரிமைத்தொகையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தன. 1875-ல் உறவு முறிந்தது. பெய்லி 'விக்டர்' என்று தனி வரிசை தொடங்கினார். வழக்குகள் வந்தன, அந்த வரிசையையும் 1884-ல் ஸ்டான்லியே வாங்கிக்கொண்டது. பின்னாளில் அவர் கடிதங்களைப் படியெடுக்கும் இரும்பு அழுத்துப்பொறிகள் செய்து பிழைத்தார். ஆனால் 1902 முதல் ஸ்டான்லி தன் இழைப்புளிகளின் மூக்கிலேயே 'பெய்லி' என்று வார்க்கத் தொடங்கியது. 1905-ல் அவர் இறந்தபோது, விட்டு வந்த கம்பெனியின் இரும்பில் அவர் பெயர் நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிளேடைப் பக்கவாட்டில் சரிசெய்யும் நெம்புகோல் 1885 வாக்கில் சேர்ந்தது. அது ட்ராட்டின் கொடை. 1902-ல் தவளை உட்காரும் இருக்கையைப் புதிதாக அமைத்தார்கள். அகன்ற, கடைந்து சமப்படுத்திய பரப்புகள். சில ஆண்டுகளில் தவளையை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு சிறு திருகும் வந்தது. 1910-களில் செய்தவற்றில் தவளைக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கும்: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. பழைய கருவி தேடுகிறவர்கள் அந்த மூன்று தேதிகளைக் கண்டால் பேரம் பேச மறந்துவிடுவார்கள். கருவி முழு வளர்ச்சி பெற்ற காலம் அது என்பது என் எண்ணமும்.

அதன் பிறகு கதை கழித்தலின் கதை. இரண்டாம் உலகப் போரில் பித்தளை ஆயுதங்களுக்குப் போக, நட்டுகள் எஃகிலும் கெட்டி ரப்பரிலும் வந்தன. அது நெருக்கடி, குற்றம் சொல்ல முடியாது. மேலும் அந்தப் போர்க்கால வார்ப்புகள் தடித்தவை, உழைப்பவை. போருக்குப் பிந்தைய பதிற்றாண்டுகளில் வீட்டில் சில்லறை வேலை செய்கிறவர்களுக்கென்று மலிவு வரிசைகள் பெருகின. பல மலிவு மாதிரிகளில் தவளையின் நகர்த்து திருகு காணாமல் போனது. ஒரே வார்ப்பாக இருந்த கவட்டைக்குப் பதில், தகட்டில் அச்சடித்த இரண்டு துண்டுகளைச் சேர்த்தார்கள். ரோஸ்வுட் பிடி பிளாஸ்டிக் ஆனது. பிடி மாறினால் கைக்குத்தான் வருத்தம், வேலை கெடாது. ஆனால் இருக்கையைக் கடையாமல், வார்ப்பின் மேலேயே பெயின்ட் அடித்து, அதன்மேல் தவளையைத் திருகியபோது, பெய்லியின் மெல்லிய பிளேடு நின்ற தரையே போயிற்று. ஒரு காலத்தில் நானே அப்படி ஒன்றைப் புதிதாக வாங்கி, பிளேடைத் தீட்டித் தீட்டிக் கை வலித்து, என் கையில்தான் குறை என்று இரண்டு ஆண்டு நம்பியிருந்தேன். தவளையைக் கழற்றிப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

அதனால்தான் மருமகனிடம் வயதைக் கேட்காதே என்றேன். "ரெண்டு கடைக்கும் ஸ்க்ரூ டிரைவரோட போ. பிளேடை எடுத்துட்டு, தவளையோட ரெண்டு திருகையும் கழற்றச் சொல்லு. அடியில் வெள்ளை இரும்பு தெரியுதா, பெயின்ட் தெரியுதான்னு பாரு." வாயோரத்திலும் பக்கச் சுவர்களிலும் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவும் சொன்னேன். வார்ப்பிரும்பு விழுந்தால் வளையாது, விரியும். துருவைப் பற்றிக் கவலை வேண்டாம். மேல்துரு ஒரு மாலை வேலை. அடிப்பாகம் முழுக்கக் கண்ணாடிபோல் இருக்க வேண்டியதில்லை. மூக்கு, வாயின் முன்விளிம்பு, வால் மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம். இருக்கைக்கு அப்படிச் செய்வது எளிதல்ல. உள்ளே ஒடுங்கிய இடம், அரம் சரியாகப் போகாது.

மறுநாள் போன் செய்தான். புதுசைக் கழற்றிக் காட்டக் கடைக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறார், நல்ல மனிதர். அடியில் நீலப் பெயின்ட், நடுவில் வார்ப்பின் மேடு, தவளை ஊசலாடியது. பழசில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் துடைத்தபோது, கடைந்த கோடுகள் தெரிந்தனவாம். நெம்பு மூடியில் இருந்த துளையின் வடிவத்தைக் கேட்டேன். "அவரைக்கொட்டை மாதிரி இருக்கு மாமா" என்றான். அப்படியானால் 1933-க்குப் பிந்தியது. மூன்று தேதிக்காரன் இல்லை, பரவாயில்லை. மூக்கில் 'பெய்லி', பக்கத்தில் 'மேட் இன் இங்கிலாந்து'.

ஒரு குறை இருந்தது. முன்பு வைத்திருந்தவர் நன்றாக உழைத்தவர்போலும். தீட்டித் தீட்டி பிளேடு தேய்ந்து, நடுத்துளைக்கு அரை அங்குலம்தான் மிச்சம். மருமகன் சோர்ந்துவிட்டான். அதே ஹார்டுவேர் கடைக்குத் திரும்பிப் போய் 2 அங்குல பிளேடு மட்டும் கேட்கச் சொன்னேன். கிடைத்தது. பழைய மேல்தகட்டோடு புதுத் தகட்டைச் சேர்த்துத் திருகி உள்ளே இறக்கியபோது, கவட்டையின் நுனி துளைக்குள் தானாகவே போய் நின்றதாம்.

ஞாயிறன்று வீட்டுக்கு எடுத்து வந்தான். எண்ணெய்க்கல்லில் அரை மணி நேரம் தீட்டினோம். பழைய வேப்பம்பலகை ஒன்றை மேசையில் இறுக்கினேன். முதல் தள்ளலில் ஒன்றும் வரவில்லை. அவன் சுத்தியலைத் தேடினான், பழக்கம். நட்டைக் காட்டினேன். கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. நட்டு முதலில் சும்மா சுழன்றது, பிறகு விரலில் லேசாக ஒரு பிடிப்பு. அடுத்த தள்ளலில் பலகையின் முழு நீளத்துக்கும் சீவல் ஒரே சுருளாக எழும்பி வந்தது. அதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தான். அதனூடே தெருவிலிருந்த முருங்கை மரம் தெரிந்தது.