அமரத்திலிருந்து அணியத்துக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் படகு திருப்பிய கதை

படகின் முன்முனைக்கு அணியம் என்று பெயர், பின்முனைக்கு அமரம். படகைத் திருப்பும் வேலை நெடுங்காலமாக அமரத்தில்தான் நடந்தது. துடுப்போ சுக்கானோ பிற்காலத்தில் வந்த என்ஜின் கைப்பிடியோ, எதுவானாலும் அதைப் பிடித்தவர் பின்னால் உட்கார்ந்தார். மீன் பிடிப்பவருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. படகு முன்னே போகிறது, மீனும் முன்னேதான் இருக்கிறது, ஆனால் அவர் கைகள் பின்னால் சுக்கானோடு கட்டுண்டு கிடக்கின்றன. இன்று கோலாலம்பூரைச் சுற்றியுள்ள பழைய ஈயக்குட்டைகளில் தூண்டில் வீசுபவர் தம் சிறு படகின் அணியத்தில் மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தி, அதைக் கையால் திருப்புவதா, காலால் திருப்புவதா, செயற்கைக்கோளிடம் விட்டுவிடுவதா என்று யோசிக்கிறார். அந்தத் தெரிவுக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பாதி அமெரிக்க ஏரிகளில் நடந்தது, மறுபாதி இந்தப் பள்ளத்தாக்கின் நீரிலேயே நடந்தது.

கோலாலம்பூர் பிறந்ததே படகால்தான். 1857இல் கிள்ளானின் ராஜா அப்துல்லாவும் லுக்குட்டின் ராஜா ஜுமாஅத்தும் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார்கள். கோம்பாக் ஆறு வந்து சேரும் இடத்தில் அவர்கள் கரையேறி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கை அடைந்தார்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் பெரும்பாலோரைக் கொன்றது, எஞ்சியவர் 18 பேர். ஆனாலும் சுரங்கம் நின்றுவிடவில்லை. ஈயம் கீழே போகவும் அரிசி மேலே வரவும் ஆறே பாதையானது. ஓட்டத்தை எதிர்த்து ஏறும் படகைத் துடுப்பு மட்டும் போட்டு நகர்த்த முடியாது. நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ள வேண்டும். ஒருவர் கழியை ஊன்ற, இன்னொருவர் அமரத்தில் நின்று வளைவுகளைப் பார்த்துத் திருப்பினார். ஆழமும் ஓட்டமும் ஒவ்வொரு மழைக்கும் மாறும் ஆற்றில் இந்த இரண்டாமவரின் அனுபவமே சரக்கைக் காப்பாற்றியது.

1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் பாலம் கட்டப்பட்டு ரயில் கிள்ளானுக்குள்ளேயே வந்தது. 1901இல் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. ரயில்வே வேலைக்கு வந்த தமிழர்களால் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி நிறைந்தது. ஆற்றுப் படகுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கழி ஊன்றும் கலை ஒரு தலைமுறைக்குள் நகரத்தின் நினைவிலிருந்தே மறைந்தது.

ஆனால் பள்ளத்தாக்கில் புதிய நீர்நிலைகள் பிறந்துகொண்டிருந்தன. மலேசியத் தமிழில் ஈயம் என்றால் வெள்ளீயம், ஈயக்குட்டை என்றால் அதைத் தோண்டிய குழியில் தண்ணீர் தேங்கிய இடம். மலாயாவின் முதல் ஈயம் வாரும் மிதவைக் கப்பல் 1913இல் பேராக்கின் பத்து காஜாவில் வேலை தொடங்கியது. பிறகு சிலாங்கூரிலும் இத்தகைய கப்பல்கள் பெருகின. பத்தாங் பெர்சுந்தை என்று அன்று பெயர்கொண்டிருந்த பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிய நிலமெல்லாம் அவற்றால் புரட்டப்பட்டது. அந்தக் கப்பல் தன் குளத்தைத் தானே தோண்டிக்கொள்ளும். முன்பக்கம் வாளிச் சங்கிலி மண்ணை அள்ளும், நடுவில் ஈய மணல் பிரிக்கப்படும், கழிவு மணலும் கல்லும் பின்னால் கொட்டப்படும். முன்னே தோண்டித் தோண்டிப் பின்னே தூர்த்துத் தூர்த்துக் கப்பல் குளத்தோடு சேர்ந்தே நகரும்.

இந்த மாபெரும் மிதவைக்குச் சுக்கான் கிடையாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அணியத்திலிருந்து ஒரு தடித்த கம்பிவடம் முன்னே வெகுதூரம் போய், கரையில் ஆழப் புதைத்த மரக்கட்டையில் கட்டப்பட்டிருக்கும். இரு பக்கங்களிலும் வடங்கள் இதேபோல் கரையைப் பிடித்திருக்கும். ஒருபக்க வடத்தைச் சுற்றி இழுத்து, மறுபக்க வடத்தைத் தளர்த்தினால், ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள கப்பல் மெல்ல அசைந்து தோண்டுமுகத்தின் குறுக்கே நகரும். வடத்தை இழுத்துத் திசை மாற்றும் இந்த முறையின் சிறு வடிவமே பிற்காலத்தில் அதே குட்டைகளில் மிதந்த தூண்டில் படகுகளில் மோட்டாரைத் திருப்பும் கால்பெடலுக்கு அடியில் வந்து அமர்ந்தது. இரண்டுக்கும் நேரடி உறவு இல்லைதான். ஆனால் ஒரே நீரில் நடந்த இந்த ஒற்றுமையைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. பேராக்கின் தஞ்சோங் துவாலாங்கில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய கப்பலைப் பார்ப்பவர்கள் இந்த வடச் சுருள்களின் பருமனை இன்றும் அறியலாம்.

1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றத்தின் கையில் காசு தீர்ந்தது. விலையைத் தாங்கிப் பிடித்த கை விலகியதும் சந்தை சரிந்தது, மலேசியச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மிஞ்சியவை குட்டைகள். ஸ்ரீ கெம்பாங்கானில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் பெற்றிருந்த ஹோங் ஃபாட் சுரங்கம் ஏரியாகி, அதன் கரையில் உல்லாச விடுதி எழுந்தது. சுங்கைவேயில் கேளிக்கைப் பூங்கா வந்தது. டெங்கிலில் ஒரு பெரும் தொகுதி பாயா இண்டா ஈரநிலமானது. பூச்சோங்கிலும் பிற இடங்களிலும் பல குட்டைகள் வீட்டுமனைக்காகத் தூர்க்கப்பட்டன. தூர்க்கப்படாதவற்றில் தூண்டில்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூங்கில் கழி, நரம்பு, தக்கை, மண்புழு ஆகியவற்றோடு கரையிலிருந்து பிடிப்பதே முதலில் வழக்கமாக இருந்தது.

கரையிலிருந்து எட்டாத மீன்கள்தான் படகைக் கொண்டுவந்தன. அவற்றில் முதன்மையானது தோமான் எனப்படும் பெரிய விரால். அதன் குஞ்சுகள் செந்நிறப் பந்துபோல் ஒரே கூட்டமாகத் திரியும். மூச்சுவிட அந்தக் கூட்டம் மேலே வரும்போது நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் சலசலக்கும். தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கும். சில நொடிகளில் கூட்டம் மூழ்கிவிடும், அடுத்து எங்கே எழும் என்று சொல்ல முடியாது. எழுந்த இடத்துக்குச் சற்று அப்பால் போலி இரையை வீசி, பந்தின் ஓரமாக இழுக்க வேண்டும். அந்த நொடியில் படகின் முகம் வேறு பக்கம் இருந்தாலோ, கை துடுப்பில் இருந்தாலோ வாய்ப்பு போனது. இப்படிக் காவல் மீனைப் பிடித்தெடுத்தால் குஞ்சுகள் ஆதரவின்றிப் பிற மீன்களுக்கு இரையாகும் என்பதையும் மறக்கலாகாது. பிடித்த மீனை உடனே விட்டுவிடுவதே நேர்மை.

இரண்டாவது மீன் தென்னமெரிக்காவின் அமேசான் படுகையிலிருந்து வந்தது. வாலடியில் மயிற்பீலிக் கண்போல் ஒரு புள்ளி இருப்பதால் அதற்கு மயில் பாஸ் என்று பெயர். பெயரில் பாஸ் இருந்தாலும் அமெரிக்கப் பாஸ் மீனுக்கு அது உறவல்ல, திலாப்பியாவின் குடும்பம். 1990களில் மலேசிய நீரில் விடப்பட்ட இது ஈயக்குட்டைகளில் வேரூன்றியது. உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கும் அயல் இனம் என்ற கவலை நியாயமானது. ஆயினும் போலி இரை வீசும் அமெரிக்கப் பாணியும் அதற்கான படகுச் சாதனங்களும் இந்தப் பள்ளத்தாக்கில் பரவ இந்த மீன் ஒரு பெரிய காரணம்.

அந்தச் சாதனங்களின் கதை பழையது. 1881இல் பாரிசில் குஸ்தாவ் த்ரூவே என்ற கண்டுபிடிப்பாளர் படகின் சுக்கானிலேயே பொருத்திக் கழற்றக்கூடிய மின்மோட்டாரைச் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். உந்துவதும் திருப்புவதும் அதில் ஒரே உறுப்பில் சேர்ந்தன. 1934இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து விசிறியோடு இணைத்து, மீன்பிடி படகுக்கான சிறு மோட்டாரைச் செய்தார். மின்கோட்டா நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. தொடக்ககால மோட்டார்கள் அமரத்தில் மாட்டப்பட்டு, கைப்பிடியால் திருப்பப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜி.எச். ஹாரிஸ் காலால் திருப்பும் மோட்டாரை உருவாக்கினார். மோட்டார்கைடு என்ற வணிகப் பெயர் அந்த மரபில் வந்தது. 1960களின் இறுதியில் ரே ஸ்காட் பாஸ் மீன்பிடிப் போட்டிகளைத் தொடங்கியபின் கால் பெடல் இல்லாத பாஸ் படகு அரிதாயிற்று. காலுக்கு வேலை கொடுத்துக் கையை விடுவிக்கும் எண்ணம் அமெரிக்கருக்கு மட்டும் உரியதல்ல. மியன்மாரின் இன்லே ஏரி மீனவர்கள் ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் துடுப்பு வலித்து, கைகளை வலைக்கு விட்டுவைப்பது நெடுங்கால வழக்கம்.

காலோடு மோட்டாரும் அணியத்துக்கு நகர்ந்தது. பின்னிருந்து தள்ளும் மோட்டார் படகின் முகத்தைச் சுற்றிவளைத்துத்தான் திருப்பும். முன்னிருந்து இழுக்கும் மோட்டார் வண்டிமாடுபோல, அது போகும் திசையில் படகு பின்தொடரும். காற்றடித்தால் முதலில் விலகுவது எடை குறைந்த முன்முனை என்பதால், அதை அங்கேயே பிடித்து நிறுத்துவதும் எளிது.

கால்பெடலில் இரண்டு வழிகள் உருவாயின. பழையது கேபிள் வழி. பெடலை முன்பாதத்தால் அழுத்தினால் உறைக்குள் ஓடும் கம்பி இழுபட்டு மோட்டார் வலப்பக்கம் திரும்பும், குதிகாலால் அழுத்தினால் இடப்பக்கம். பாதம் எவ்வளவு சாய்ந்ததோ அவ்வளவு திருப்பம், அதே நொடியில். பெடலின் சாய்வை வைத்தே மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்க்காமல் அறியலாம். தோமான் குஞ்சுக்கூட்டத்தைத் துரத்துபவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. குறைகளும் உண்டு. மோட்டாரின் முறுக்கு விசை காலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், நாள் முழுவதும் நின்றால் கணுக்கால் நோகும். கம்பி தளரும், நைந்துபோகும். கேபிளின் நீளத்துக்கு மேல் பெடலை நகர்த்தவும் முடியாது.

இரண்டாவது வழியில் மோட்டார் தலையிலேயே ஒரு சிறு திருப்பு மோட்டார் இருக்கும். பெடலிலிருந்து மின்கம்பி வழியாகவோ கம்பியில்லாமலோ கட்டளை போகும். காலுக்கு நோவில்லை, பெடலைப் படகின் எந்த மூலையிலும் வைக்கலாம். ஆனால் கட்டளைக்கும் திருப்பத்துக்கும் இடையே சிறு தாமதம் உண்டு. மோட்டாரின் முகம் எங்கே என்று தலையிலுள்ள அம்புக்குறியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தெளிந்த நீரில் திருப்பும் சத்தமும் மீனை விரட்டலாம்.

2010இல் மின்கோட்டா தன் மோட்டாரில் ஜிபிஎஸ் வசதியை இணைத்தபோது திருப்பும் வேலையில் ஒரு பகுதி மனிதரைவிட்டே விலகியது. ஒரு பொத்தானை அழுத்தினால் மோட்டார் தன் இடத்தைக் குறித்துக்கொண்டு, காற்று தள்ளத் தள்ளத் தானாகத் திரும்பி அங்கேயே நிற்கும். இது நங்கூரமில்லாத நங்கூரம். இந்த வசதி முதலில் மின் திருப்பு மோட்டார்களுக்கே கிட்டியது, கேபிளை விரும்பியவர்கள் ஒதுங்கி நின்றார்கள். 2016இல் கேபிள் பெடலோடு ஜிபிஎஸ்ஸும் மின்விசைத் துணையும் சேர்ந்த அல்ட்ரெக்ஸ் மோட்டார் வந்தபின் அந்தப் பிளவு தணிந்தது. 2019இல் கார்மின், லோரன்ஸ் நிறுவனங்களும் பெடல் மோட்டார்களோடு களமிறங்கின.

ஈயக்குட்டைக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதைக் குட்டையின் வடிவமே சொல்கிறது. தோண்டிய குழியாதலால் கரை செங்குத்தாக இறங்கும், சில அடிகளிலேயே ஆழம். நங்கூரக் கயிறு நீளமாக வேண்டும், இறக்கி ஏற்றுவதும் சத்தம். அதனால் ஜிபிஎஸ் நிறுத்தம் இங்கே ஆடம்பரமல்ல, வேலைக்கு உதவும் வசதி. மறுபுறம், குட்டைகள் சிறியவை. பலவற்றுக்குப் படகு இறக்கும் துறையே கிடையாது. பலகை போன்ற சிறு ஃபைபர் படகையோ அலுமினியப் படகையோ மணல்மேட்டில் தூக்கிச் சென்று இறக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் அமரத்தில் மாட்டும் 12 வோல்ட் கைப்பிடி மோட்டாரே இன்றும் மதிப்பு மாறாதது. 55 பவுண்டு உந்துவிசை கொண்ட மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலியாகும். காரீய அமில பேட்டரி ஒன்றின் எடை 25 கிலோவைத் தாண்டும், லித்தியத்தில் அது பாதியாகும். பெடலும் அதன் அடித்தட்டும் சேர்க்கும் எடையை இரண்டு பேர் தூக்கும் படகு தாங்குமா என்று பார்த்தபின்புதான் திருப்பும் முறையைப் பற்றிய பேச்சு. நீர்க்கொடி மண்டிய குட்டைகளில் விசிறியில் சிக்கும் கொடியை அகற்ற மோட்டாரை அடிக்கடி தூக்க வேண்டியிருக்கும், அதற்கும் கைப்பிடி மோட்டாரே இலகு.

கிள்ளான் ஆற்று முகத்தில் கணக்கு வேறு. கண்டல் காடுகளின் ஓடைகளில் கொடுவா மீனுக்கு வீசுபவர்கள் ஏற்றவற்றத்தோடு போராட வேண்டும். போர்ட் கிள்ளானில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்ட வேறுபாடு 4 மீட்டரைத் தாண்டும். உப்புநீர் சாதாரண மோட்டாரின் இணைப்புகளை அரித்துவிடும் என்பதால் அதற்கென்று பூசி அடைக்கப்பட்ட வகை தேவை. ஓட்டம் கூடும் நேரத்தில் ஜிபிஎஸ் நிறுத்தம் மோட்டாரை இடைவிடாமல் ஓட வைக்கும், சில மணி நேரத்தில் பேட்டரி தீரும். அதனால் அணியத்தில் மின்மோட்டார் வைத்திருக்கும் படகுகளிலும் அமரத்தில் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. ஓதம் இறங்கத் தொடங்கியதும் ஓடை வாயில் இரும்பு நங்கூரத்தையே வீசுகிறார்கள்.