நித்தியம் எப்போது தொடங்குகிறது?

நித்தியம் என்றால் செத்த பிறகு வருகிற முடிவில்லாத காலம். ஞானோபதேசத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். இங்க கஷ்டப்படு, அங்க மோட்சம். எங்க ஆயா சாகிறவரைக்கும் அதைத்தான் நம்பிச்சு.

ஆனால் திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. 400ஆம் ஆண்டு வாக்கில் அகுஸ்தினார் எழுதினார்: காலமே படைக்கப்பட்டதுதான், படைப்புக்கு 'முன்பு' என்று ஒன்று கிடையாது, கடவுளுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. 6ஆம் நூற்றாண்டில், சிறையில் சாவை எதிர்பார்த்துக் கிடந்த போயேத்தியுஸ், எல்லையற்ற வாழ்வை முழுசாக, ஒரே சமயத்தில் கொண்டிருப்பதே நித்தியம் என்றார். நீளமான காலமல்ல அது, வேறொன்று. யோவான் சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில், நம்புகிறவன் சாவைக் கடந்தாயிற்று என்று வருகிறது. தமிழ் படித்தவன், வினையின் காலத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அது எதிர்காலம் இல்லை.

விசுவாசப் பிரமாணத்தில் போஞ்சு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் எதற்கு? நித்தியர் ஒரு குறிப்பிட்ட ஆட்சியில், குறிப்பிட்ட ஊரில் கொல்லப்பட்டார் என்று சொல்லத்தான். அப்படியானால் ஊரையும் தேதியையும் நாமும் கேட்கலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. கிழக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் எறையூர். 2019வரை இதெல்லாம் விழுப்புரம் மாவட்டம். எறையூரில் பழைய ஜெபமாலை மாதா கோயில் இருக்கிறது. வன்னியரும் தலித்துகளும் கத்தோலிக்கர்கள். ஆனால் கல்லறை தனித்தனி. சரீர உத்தானத்தை இருவரும்தான் அறிக்கையிடுகிறார்கள். காலத்தை விட்டே போய்விட்டவனுக்கும் சாதி எல்லை போட்டு வைத்திருந்தார்கள். இதை எந்த இறையியலில் சேர்ப்பது? உயிரோடிருப்பவர்களுக்கோ, "பொறுங்க, காலம் மாறும்" என்ற புத்திமதி. காலத்துக்கு அப்பாற்பட்டவர் பெயரால் நமக்குக் கிடைத்தது தவணை.

தலித்துகள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். கிறிஸ்துவின் உடலைப் பிரிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கல்லறையைப் பிரித்தபோது அந்தக் கேள்வி எங்கே போயிருந்தது?

2008 மார்ச்சில் அவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். இருவரும் வன்னியர்கள், அதே மாதா கோயில்காரர்கள். அது தவக்காலம். பாஸ்காவுக்கு இரண்டு வாரம் இருந்தது.