ஐரோப்பியத் தேன்: புதிய லேபிள் விதியும் இளம் தேனீ வளர்ப்பாளர்களும்

ஐரோப்பியக் கடைகளில் விற்கப்படும் தேன் போத்தல்களில் பல ஆண்டுகளாகக் காணப்பட்டுவரும் வாசகம், "ஐரோப்பிய ஒன்றியத்தினதும் ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள நாடுகளினதும் தேன்களின் கலவை" என்பதாகும். ஒன்றியத்துக்குள்ளும் இல்லாமல் வெளியேயும் இல்லாத நாடு எதுவும் உலகில் இல்லை என்பதால், இவ்வாசகம் வாங்குபவருக்கு எதையுமே தெரிவிக்கவில்லை.

2001ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த இந்த மழுப்பலை, 2024 மே மாதம் நிறைவேற்றப்பட்ட திருத்தம் நீக்குகிறது. கலவையில் எந்த நாட்டுத் தேன் எத்தனை சதவீதம் என்பதை, பெரிய பங்கிலிருந்து தொடங்கி வரிசையாகக் குறிப்பிடுவது 2026 ஜூன் 14 முதல் கட்டாயம். முதல் நான்கு நாடுகளின் பங்கு பாதிக்கு மேல் இருந்தால், அவற்றுக்கு மட்டும் சதவீதம் தந்தால் போதும் என உறுப்பு நாடுகள் சலுகை வழங்கலாம்.

திருத்தத்துக்கு வலுச்சேர்த்தது ஐரோப்பிய ஆணையம் 2023 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு. இறக்குமதித் தேனின் 320 மாதிரிகளில் 46 சதவீதம், சர்க்கரைப்பாகு கலந்தவை என்ற சந்தேகத்துக்கு உள்ளாயின. சந்தேகம் நிரூபணமாகாது என்றாலும் காரணம் எளிதில் விளங்குகிறது. 2021இல் இறக்குமதித் தேனின் சராசரி விலை கிலோ 2.17 யூரோ, அரிசியிலிருந்து எடுக்கப்படும் பாகின் விலையோ 40 முதல் 60 சென்ட். இந்த விலையுடன் நேர்மையான தேனீ வளர்ப்பாளர் போட்டியிட முடியாது.

இளைஞர்கள் இத்தொழிலுக்கு வரத் தயங்குவதை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். 2020இல் ஒன்றியத்தின் பண்ணை நிர்வாகிகளில் 40 வயதுக்கு உட்பட்டோர் ஏறக்குறைய 12 சதவீதமே. 2023 முதல் 2027 வரையான பொது விவசாயக் கொள்கையின்படி, நேரடி உதவித்தொகையின் 3 சதவீதத்துக்கு நிகரான தொகையையேனும் இளம் விவசாயிகளுக்கு ஒதுக்க வேண்டும். தொழில் தொடங்க ஒருவருக்கு ஒரு லட்சம் யூரோ வரை வழங்கலாம். தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கும், கூடுகளை அழிக்கும் வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்தவும் தனி நிதி உண்டு. ஆனால் நேரடி உதவிகள் பெரும்பாலும் நிலப்பரப்பைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. சொந்த நிலமின்றி, பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளைக் கொண்டுசெல்லும் இளைஞருக்கு அதனால் கிடைப்பது சொற்பம். அவருக்கு மானியத்தைவிடத் தேனுக்கு நியாய விலை கிடைப்பதே முக்கியம்.

லேபிள் மட்டும் அதைப் பெற்றுத்தராது. சதவீதக் கணக்கு வணிகரின் ஆவணங்களையே நம்பியிருக்கிறது. கலப்படத்தைக் கண்டறிவதற்கான பொதுவான ஆய்வுமுறைகளை உருவாக்கும் பொறுப்பு ஆணையத்திடம் விடப்பட்டுள்ளது.

ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனில், இங்கிலாந்துக்கு இத்திருத்தம் பொருந்தாது. 2023 ஆய்வில் பிரிட்டனிலிருந்து வந்த பத்து மாதிரிகளும் சந்தேகத்துக்குரியவையாகவே இருந்தன. அவை வேறு நாடுகளில் உற்பத்தியாகி அங்கு பதப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.