மெட்டு இரவல், சொல் சொந்தம்

மலையகத்து இளம் பாடகர்கள் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "சினிமா மெட்டில் பாடினால் சனமும் கூடுகிறது, காசும் வருகிறது. எங்கள் பாட்டைப் பாடினால் கேட்க ஆளில்லை. எந்த வழியில் போவது?" என்பார்கள்.

இந்தக் கேள்வி பழையது. எண்பது ஆண்டுகளுக்கும் முன்னரே அட்டனில் ஒரு பெண்மணி இதற்குத் தம் வழியில் விடை கண்டார். அவர் மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளருக்கென 1931இல் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார்.

அக்காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றம். புடவை வியாபாரி வேடத்தில் நடேசய்யர் லயங்களுக்குப் போனார் என்பர். கூட்டங்களில் முதலில் மீனாட்சியம்மாள் பாடுவார். சனம் திரண்ட பின் ஐயர் பேசுவார். எழுத்தறியாதவர்களே மிகுந்திருந்த இடத்தில் பத்திரிகை செய்ய இயலாததைப் பாட்டுச் செய்தது.

அவர் எடுத்தாண்டவை மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகள். சந்தையிலும் திருவிழாவிலும் சில சதத்துக்குப் பாட்டுப் புத்தகம் விற்றவர்களும் அத்தகைய மெட்டுகளையே நம்பினார்கள். ஆனால், அம்மெட்டில் அவர் ஏற்றிய செய்தியோ வேறு. 1939இல் அரசாங்க இலாகாக்களில் நாட்கூலிகளாயிருந்த இந்தியரை விலக்கத் தொடங்கினர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானார். அதே 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுநூல் வெளிவந்தது. மெட்டை இரவல் வாங்கியவர் சொல்லை யாருக்கும் விற்கவில்லை.

இதில் இழப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். புதுமெட்டுகள் பெருகப் பெருக, லயத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் ஒதுங்கின. மடக்கொம்பரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பு நூலாகவும் வெளிவந்தது.

நானும் ஒரு காலத்தில் மேடைக்குழுவொன்றில் ஆர்மோனியம் வாசித்தவன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்தவர் கப்பலேறிய எழுபதுகள் அவை. பிரிந்து போகிறவர்களைப் பற்றி நாங்களே ஒரு பாட்டுக் கட்டியிருந்தோம். ஒரு தோட்டத்துத் திருவிழாவில், "அழுகைப் பாட்டு வேண்டாம் தம்பி" என்றார்கள். நாங்களும் அதை விட்டுவிட்டுச் சினிமாப் பாட்டுகளை மட்டும் வாசித்தோம். பேசிய பணத்துக்கு மேலேயே கிடைத்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த குடும்பம் ஒன்று, அடுத்த கிழமை பயணம் சொல்லிப் போனது. அவர்களுக்காகத்தான் அந்தப் பாட்டு. அதன் இரண்டாம் அடி இப்போது எனக்கு நினைவில்லை.

ஆகவே இளம் பாடகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சனத்துக்குப் பிடித்த மெட்டில் பாடுங்கள், காசும் வாங்குங்கள். ஆனால் முன்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்குரிய ஒரு பாட்டையேனும் பாடாமல் மேடையை விட்டு இறங்காதீர்கள்.