எஞ்சினை விட்டுவிட்டு மணித்தியாலத்தை விற்ற கதை



ஜித்தாவுக்கோ டோஹாவுக்கோ நாம் எடுக்கும் டிக்கட்டில் எஞ்சின் திருத்தும் சல்லியும் அடங்கியிருக்கிறது. விமானத் திருத்தச் செலவில் பெரும் பங்கு எஞ்சினுக்குத்தான்.

முன்பெல்லாம் இது நம்மூர் கராஜ் கணக்குத்தான். எஞ்சின் பழுதானால் அதைச் செய்த கம்பனிக்கு வருமானம். பாகமும் விற்கலாம், கூலியும் எடுக்கலாம். பெரிய விமானக் கம்பனிகள் சொந்த வேர்க்‌ஷொப்பும் மேலதிக எஞ்சின்களும் வைத்துச் சமாளித்தன. ஒன்றிரண்டு விமானம் வைத்திருந்தவர்களுக்கு அது ஏலாத காரியம்.

1962இல் பிரித்தானியாவின் பிரிஸ்டல் சிட்லி கம்பனி கணக்கைத் தலைகீழாக்கியது. 125 என்ற சிறிய ஜெட்டில் பூட்டிய தனது வைப்பர் எஞ்சினுக்கு, பறக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கட்டினால் போதும், பழுதும் மாற்று எஞ்சினும் எங்கள் பொறுப்பு என்றது. எஞ்சின் நின்றால் இப்போது நட்டம் செய்தவனுக்கு! பிறகு ரோல்ஸ் ரோய்ஸ் அந்தக் கம்பனியை வாங்கியது. 1990களில் பெரிய பயணிகள் விமானங்களுக்கும் இதே முறை வந்தது. பறக்கும்போதே எஞ்சினின் சூட்டையும் அதிர்வையும் தரையிலிருந்து கவனிக்கும் ஏற்பாடு வளர்ந்ததற்கு இந்த நட்டப் பயமும் ஒரு காரணம்.

ஆனால் பாகம், கையேடு, தரவு எல்லாம் செய்தவன் கையிலேயே தங்கிவிட்டால் வெளியே திருத்துபவன் எப்படிப் பிழைப்பான்? விமானக் கம்பனிகளின் சங்கமான ஐயாட்டா 2016இல் இதை ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. 2018இல் சிஎஃப்எம் கம்பனி தன் எஞ்சின் கையேட்டை வெளி வேர்க்‌ஷொப்களுக்குக் கொடுக்கவும், பிறர் செய்த பாகங்களை அனுமதிக்கவும் இணங்கியது.